மெஷினில் தோய்த்த துவாய் திரும்பவும் ஏன் மணக்கிறது?

தங்கச்சி, துவாய் காய்ந்திருக்கும்போது நல்லாயிருக்கிறது, முகம் துடைத்து ஈரமானதும் புளித்த மணம் வருகிறது, தூளை மாற்றியும் சரிவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிழை தூளில் இல்லை. மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்றொரு பாக்டீரியா இழைக்குள் உயிரோடு தங்கிவிடும், ஈரம் பட்டதும் அது திரும்பப் பெருகித்தான் அந்த மணம் வருகிறது. நீங்கள் போடுகிற 30 பாகையில் ஊத்தை போகும், கிருமி முழுக்கச் சாகாது, மிஞ்சியது அதே தண்ணீரில் மற்ற உடுப்புகளுக்கும் பரவும். துவாய், உள்ளுடுப்பு, பிள்ளையின் துணிகளைத் தனியாக 60 பாகையில் போடுங்கள்.

அப்புறம் எங்கள் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு சவர்க்காரக் கட்டியோடு சேர்ந்து பசையாகித் துவாயில் ஒட்டிக்கொள்ளும், தடவிப் பார்த்தால் மொரமொரவென்று இருக்கும். அந்தப் பசையில் தோல் எண்ணெயும் தங்கும், கிருமிக்கு அது போதும். அதனால் ஊற வைக்கவும் தூளையே பாவியுங்கள், ஒரு அலசல் கூட்டுங்கள்.

முன்கதவு மெஷின் என்றால் ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கறுப்பாக, வழுவழுவென்று இருந்தால் முதலில் அதைத் துடைத்து, வெறும் மெஷினை ஒருக்கால் சுடுதண்ணீரில் ஓடவிடுங்கள். தோய்த்து முடிந்ததை இரவு முழுக்க உள்ளே விடவே வேண்டாம். மாரியில் குசினிக்குள் கொடி கட்டினாலும் துவாயை மடித்துப் போடாமல் விரித்து, காற்றாடிக்கு நேரே போடுங்கள், வெயில் எறித்த அன்றைக்கு முற்றத்துக்குக் கொண்டுபோங்கள்.