கறுப்புச் சட்டக் கண்ணாடிக்காரர்

கேள்வி: 1980-களின் லேக்கர்ஸ் (அமெரிக்கக் கூடைப்பந்து அணி) என்றாலே மேஜிக் ஜான்சன்தான். அவரது சக வீரர் கர்ட் ராம்பிஸை ரசிகர்கள் ஏன் இன்னும் மறக்கவில்லை?

பதில்: லேக்கர்ஸின் பேர்போன வேக ஆட்டத்தின் முதல் கண்ணியே பல நேரம் அவர்தான்! எதிரணி கூடை போட்டதும், வலையிலிருந்து விழும் பந்தை அள்ளுவார். எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் வைத்த கையோடு மேஜிக்கிடம் வீசிவிடுவார். ஒரு நொடி பிசகினாலும் எதிரணி திரும்பி அரண் கட்டிவிடும். அவசரத்தில் பந்தை விடுமுன் களத்துக்குள் கால் பட்டால் பந்தே பறிபோகும். இது புள்ளிக்கணக்கில் ஏறாத உழைப்பு.

1984 இறுதித்தொடரின் 4-வது ஆட்டத்தில் எதிரணி பாஸ்டன் செல்டிக்ஸின் கெவின் மெக்ஹேல் இவரைக் கழுத்தோடு அடித்து வீழ்த்தியபோதும் எழுந்து மல்லுக்கு நின்றார். 1982, 85, 87, 88 பட்டங்களிலும் பங்குண்டு. இவரைப் போலவே தடித்த சட்டக் கண்ணாடி அணிந்து அரங்குக்கு வந்த ரசிகர் கூட்டமும் இவருக்கு வாய்த்தது.