சிறுகதையை மட்டுமே நம்பி வாழ்ந்த எட்வர்ட் டி. ஹோக்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: துப்பறியும் கதை நிறைய படிப்பவன் நான். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே?

நாவல்காரர்களின் பெயர்தான் கடல் தாண்டி வரும், அதுதான் காரணம். ஹோக் எழுதிய நாவல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், சிறுகதைகளோ கிட்டத்தட்ட 950. 1930-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பிறந்தவர், 2008-ல் இறந்தார்.

கேள்வி: சிறுகதை எழுதியே பிழைக்க முடியுமா?

எடுத்த எடுப்பில் முடியவில்லை. முதல் கதை 1955-ல் வந்தது, ஆனால் விளம்பர நிறுவன வேலையை 1968 வரை விடவில்லை. 'தி ஆப்லாங் ரூம்' கதைக்கு, அமெரிக்காவில் துப்பறியும் எழுத்துக்குத் தரும் எட்கர் விருது கிடைத்த அதே வருஷம்தான் முழுநேர எழுத்தாளர் ஆனார். அப்புறம் 1973 மே மாதம் தொடங்கி சாகும்வரை 'எல்லரி குவீன்ஸ் மிஸ்டரி மேகசின்' என்ற துப்பறியும் கதைப் பத்திரிகையின் இதழ் ஒன்றுகூட அவர் கதை இல்லாமல் வரவில்லை. முப்பத்து நாலு வருஷத்துக்கு மேல்! எனக்கு விருதைவிட இதுதான் பெரிது.

கேள்வி: அவ்வளவு எழுதினால் அரைத்த மாவையே அரைத்திருப்பாரே?

இல்லை. ஒவ்வொரு வகைப் புதிருக்கும் தனி ஆள் வைத்திருந்தார். போலீஸ் விசாரணை என்றால் கேப்டன் லியோபோல்ட், சங்கேத மொழி என்றால் ராண்ட். நிக் வெல்வெட் என்று ஒரு திருடன், மதிப்பில்லாத பொருளை மட்டுமே திருடுவான், அதற்கு ஆரம்பத்தில் 20,000 டாலர் கூலி. ஒரு கதையில் நீச்சல்குளத்துத் தண்ணீரைத் திருடுகிறான், இன்னொன்றில் ஒரு பேஸ்பால் அணியையே கிளப்பிக்கொண்டு போகிறான். எப்படித் திருடுவான் என்பது பாதிப் புதிர்தான், இந்த ஒன்றுக்கும் உதவாத பொருளுக்கு ஒருத்தன் ஏன் இவ்வளவு பணம் கொடுக்கிறான் என்பது மீதி. என்ன அருமையான ஏற்பாடு பாருங்கள், பொருளை மாற்றினால் போதும், கதை புதிதாகிவிடும்.

கேள்வி: குறையே கிடையாதா?

உண்டு. நடை சாதாரணம், மனிதர்களின் உள்மனதுக்குள் அவர் அதிகம் போவதில்லை. அதைத் தேடுகிறவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். ஆனால் பத்துப் பதினைந்து பக்கத்துக்குள் புதிரைப் போட்டு, துப்புகளை நம் கண்முன்னே வைத்து, நேர்மையாக அவிழ்த்தும் காட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

கேள்வி: எந்தக் கதையில் தொடங்கலாம்?

'தி லாங் வே டவுன்' படியுங்கள். உயரமான கட்டடத்தின் ஜன்னல் வழியே ஒருவர் குதிக்கிறார், கீழே உடல் இல்லை, ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்துத்தான் வந்து விழுகிறது. அடுத்து, துப்பறியும் டாக்டரான சாம் ஹாதார்ன் வரும் கதை வரிசையின் முதல் கதை. பனி மூடிய பாதையில் குதிரை வண்டியின் தடம் கூரை போட்ட மரப்பாலத்துக்குள் போகிறது, மறுபக்கம் தடமே இல்லை, உள்ளே வண்டியும் இல்லை. விடையைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். 'டயக்னோசிஸ்: இம்பாசிபிள்' தொகுப்பில் முதல் கதையே அதுதான்.