டிஜோன் டியூக் அரண்மனை: எது பழசு, எது புதுசு? கேள்வி பதில்

கேள்வி: பிரான்சின் டிஜோன் ஊரில் பர்கண்டி டியூக்குகள் இருந்த அரண்மனையின் முகப்பு மத்தியகாலத்தது போலத் தெரியவில்லையே, பிரெஞ்சு மன்னரின் வெர்சாய் அரண்மனைச் சாயல் அடிக்கிறதே?

பதில்: சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். முகப்பையும் எதிரேயுள்ள அரைவட்டச் சதுக்கத்தையும் 1680-களில் திட்டமிட்டவர் ஜூல் ஆர்துவான் மான்சார். வெர்சாயில் வேலை பார்த்த அதே கட்டடக் கலைஞர். பர்கண்டியை ஆண்ட டியூக்குகளின் கதை அதற்கு 200 ஆண்டு முன்பே முடிந்துவிட்டது. அவர்கள் காலத்துக் கல்லைப் பார்க்க வேண்டுமானால் முகப்பை விட்டுவிட்டு உள்ளே போங்கள். பார் கோபுரம், 1430-களின் சமையற்கூடம், 46 மீட்டர் உயரமுள்ள பிலிப் லெ போன் கோபுரம் இவைதான். கடைசியாகச் சொன்னதற்கு 316 படி, வழிகாட்டியுடன்தான் ஏறலாம். மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே நின்றுகொள்வது நல்லது.

கேள்வி: எத்தனை டியூக்குகள்? பெயர்கள் குழப்புகின்றன.

பதில்: பிரெஞ்சு அரச குடும்பமான வாலுவா வம்சத்தில் நான்கு பேர், அப்பாவுக்குப் பின் மகன்: துணிச்சல்கார பிலிப் (1363–1404), அஞ்சா ஜான் (1404–1419), நல்லவர் பிலிப் (1419–1467; கோபுரத்தின் பெயரிலுள்ள ‘லெ போன்’ இவர்தான்), முரட்டுத் துணிச்சல்காரர் சார்ல் (1467–1477). சார்ல் நான்சி போரில் செத்தார். அவருக்கு மகன் இல்லை, மகள் மேரி மட்டும்தான். பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி உடனே டச்சியை, அதாவது டியூக்கின் ஆட்சிப்பகுதியை, பிரான்சோடு சேர்த்துக்கொண்டார். சோன் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பர்கண்டி கவுண்டி வேறு, அது புனித ரோமப் பேரரசுக்குள் இருந்தது. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: அரண்மனைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பதில்: நேரே கல்லறைக் கூடத்துக்குப் போங்கள். துணிச்சல்கார பிலிப்பின் கல்லறையைச் சிற்பி ஜான் த மார்வில் தொடங்க, குளோஸ் ஸ்லூட்டர் தொடர, அவருடைய உடன்பிறந்தாரின் மகன் குளோஸ் த வெர்வ் 1410-ல் முடித்தார். மேலே படுத்திருக்கும் டியூக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் குனிந்து பீடத்தைப் பாருங்கள். ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில், வெள்ளை அலபாஸ்டர் கல்லில், துக்கம் காக்கும் மனிதர்கள் வளைவுகளுக்குள் நடந்துபோகிறார்கள். ஒருவர் அங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைக்கிறார். இன்னொருவருக்கு முக்காடு மூக்குவரை இறங்கி, முகமே இல்லை. தோளின் வளைவிலேயே அழுகை தெரிகிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கல்லறைகளைப் பிரித்துப்போட்டபோது சில உருவங்கள் சிதறின. நான்கு இப்போது அமெரிக்காவின் கிளீவ்லண்டில் இருக்கின்றன. கல்லறைக்குள் உடல் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிரந்தரச் சேகரிப்புக்கு அனுமதி இலவசம், செவ்வாய் விடுமுறை.

கேள்வி: மோசேயின் கிணறு எங்கே? மோசேக்கு ஏன் கொம்பு?

பதில்: ஊருக்கு மேற்கே, பழைய ஷான்மோல் மடத்து வளாகத்தில். இன்று அது மனநல மருத்துவமனை என்பதால் சத்தம் போடாமல் போங்கள். பெயர்தான் கிணறு; உண்மையில் மடத்துக் கிணற்றின் நடுவே நின்ற சிலுவையின் அடிப்பீடம். ஆறு பக்கத்திலும் ஆறு தீர்க்கதரிசிகள், ஸ்லூட்டரின் கைவேலை. மேலே இருந்த சிலுவை போய்விட்டது. முழுவதும் வண்ணம் பூசியிருந்தார்கள், எரேமியாவுக்குச் செம்பில் மூக்குக்கண்ணாடிகூட மாட்டியிருந்தார்கள்! கொம்பு லத்தீன் விவிலியத்தால் வந்தது. எபிரேயத்தில் ‘முகம் ஒளிர்ந்தது’ என்று கொள்ளத்தக்க சொல்லுக்குக் ‘கொம்பு’ என்றும் பொருள் உண்டு. மொழிபெயர்ப்பில் கொம்பு நின்றுவிட்டது.

கேள்வி: நோத்ர் தாம் ஆலயத்து மணிக்கூண்டு பொம்மை?

பதில்: அதன் பெயர் ஷாக்மார். 1382-ல் துணிச்சல்கார பிலிப் ஃபிளாண்டர்ஸின் கோர்த்ரே ஊரிலிருந்து கொள்ளைப் பொருளாகக் கொண்டுவந்த கடிகாரம். பொம்மையின் மனைவி, பிள்ளைகள் எல்லாம் பின்னாளில் சேர்த்தவை.

கேள்வி: டிஜோன் கடுகு விழுதுக்கான கடுகு அங்கே விளைகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, விதையில் பெரும்பங்கு கனடாவிலிருந்து வருகிறது. அங்கே 2021-ல் வறட்சி வந்ததால்தான் 2022-ல் பிரெஞ்சுக் கடைகளில் கடுகு கிடைக்காமல் போனது. ‘டிஜோன்’ என்பது இங்கே செய்முறைப் பெயர், ஊர்க் காப்புரிமை அல்ல. பர்கண்டி விதையே வேண்டுமானால் புட்டியில் ‘மூதார்த் த பூர்கோஞ்’ என்று இருக்கிறதா பாருங்கள். வகை நம் தாளிப்புக் கடுகின் இனமேதான். ஆனால் நாம் எண்ணெயில் வெடிக்கவிட்டுக் காரத்தை அடக்குகிறோம். அவர்கள் சூடேற்றாமல் புளிப்பு நீரில் அரைப்பதால் அது மூக்கில் ஏறுகிறது.