டப்பா திறந்தா மணக்குது, டம்ளர்ல காணோம்

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல சூப்பர் மார்க்கெட் டிப் டீ பத்தித்தான், அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு. எந்த பிராண்டு வாங்கலாம்னு நேரா கேட்டவங்க கோச்சுக்காதீங்க, பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா உங்க நாக்கு வேற என் நாக்கு வேற. எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு வேணா சொல்றேன்.

அக்கா, லாரன்ஸ் ரோட்டுல ஒரு கடையில ஏலக்காய் டீ பேக் வாங்கினேன். டப்பாவைத் திறந்ததும் வீடே மணந்துச்சு. போட்டுக் குடிச்சா சாதா டீ மாதிரிதான் இருக்கு, ஏலக்காயே இல்ல. ஏமாத்துறாங்களா?
– இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்

ஏமாத்துறாங்கன்னு சொல்ல முடியாதும்மா, ஆனா நீங்க காசு கொடுத்தது அந்த முதல் மணத்துக்குத்தான். ஏலக்காய் மணம்ங்கிறது காத்துல பறந்து போற எண்ணெய். மூடின டப்பாக்குள்ள மாசக்கணக்கா அது சேர்ந்து நிக்குது, நீங்க திறந்ததும் மொத்தமா வெளிய வருது, அப்புறம் கொதிக்கிற தண்ணி பட்டதும் மிச்சம் இருக்குறதும் ஆவியோட போயிடுது. நாக்குக்குத் தெரியிறது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமின்னு சொல்ற அந்த கறிக்குழம்பு ருசி, அவ்ளோதான், மத்ததெல்லாம் மூக்கு வேலை. நம்பலன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு ஏலக்காய் டீ ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, வெறும் டீதான் தெரியும், மூக்கை விட்டதும் ஏலக்காய் வரும். அதனால ஊத்தின உடனே டம்ளரை ஒரு தட்டு போட்டு மூடுங்க, மூணு நிமிஷம் கழிச்சுத் திறங்க. பாதி குறை அதுலயே தீர்ந்துடும்.

மீதி பாதிக்கு டப்பா பின்னாடி இருக்குற பொடி எழுத்தைப் படிக்கணும். எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு சட்டம், அதனால ஏலக்காய்ங்கிற பேரு சதவீதத்தோட இருக்கா, இல்ல கடைசியில 'ஃப்ளேவர்'னு மட்டும் இருக்கான்னு பாருங்க. ஃப்ளேவர்னாலே விஷம்னு இல்ல, ஆனா ஃப்ளேவர் மட்டும்னா மணத்தோட சரி.

இதே காரணத்தாலதான் எனக்கு டிப் டீயில இஞ்சிதான் ஃபர்ஸ்ட். இஞ்சியோட காரம் மூக்குல இல்ல, நாக்குலயும் தொண்டையிலயும் பிடிக்கிற சமாச்சாரம், அது ஆவியா ஓடிப் போகாது, அதுவும் காய வெச்சா அந்தக் காரம் இன்னும் ஏறும், சுக்கு காபி குடிச்சவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அதனால பேக்குல காய்ஞ்ச இஞ்சி நெஜமா போட்டிருந்தா டம்ளர்ல கண்டிப்பா தெரியும். துளசிக்கு ரெண்டாவது இடம்தான், அது கொஞ்சம் அதிகமானா கிராம்புத் தைலம் மாதிரி அடிக்கும், பல் டாக்டர் ரூம் ஞாபகம் வரும் (ரெண்டுலயும் இருக்குறது யூஜெனால்ங்கிற அதே பொருள்தான்). லெமனைப் பத்தி கீழ சொல்றேன், அது ஒரு தனிக் கதை.

நாங்க மூணு பேர் ஒரே ரூம். ஆளுக்கொரு டப்பா வாங்கிட்டு வந்து எது பெஸ்ட்னு தினமும் சண்டை. கரெக்டா டேஸ்ட் பண்ணி முடிவு பண்றது எப்படிக்கா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, சண்டைக்கு மூலகாரணம் டீ இல்ல, ஒருத்தன் ரெண்டு நிமிஷம் போடுறான், இன்னொருத்தன் பேக்கை டம்ளர்லயே மறந்துட்டு செல்போன் பாக்குறான், மூணாவது ஆளு மூணு ஸ்பூன் சக்கரை. அப்புறம் எப்படி ஒப்பிடுறது.

டீ டேஸ்ட் பண்றதுக்குன்னே ஐஎஸ்ஓங்கிற சர்வதேச தர அமைப்பு 3103னு ஒரு தரம் 1980லயே போட்டு வெச்சிருக்காங்க. 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் டீ, கொதிக்கிற தண்ணி, மூடி வெச்சு 6 நிமிஷம். அது நல்ல டீ போடுறதுக்கான முறை இல்ல, எல்லா டீயையும் ஒரே மாதிரி போட்டு அதோட குறையை வெளிய இழுக்குற முறை, அந்த டீயைக் குடிச்சா மூஞ்சி சுருங்கும். உங்க ரூமுக்கு அவ்ளோ வேண்டாம். ஒரே சைஸ் டம்ளர், 150 மில்லி தண்ணி, மூடி வெச்சு 3 நிமிஷம், பேக்கைப் பிழியாம எடுத்துடணும், சக்கரை பால் எதுவும் கிடையாது. டம்ளர் அடியில நம்பர் எழுதி ஒட்டிட்டு ஒருத்தன் வெளிய போய் இடம் மாத்தி வெக்கணும், எது யாரோட டப்பான்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நாக்கு பேசாது, வாய்தான் பேசும். அதோட ஃப்ளேவர் இல்லாத சாதா டீ பேக் ஒண்ணும் வரிசையில நிக்கணும், அது இல்லன்னா ஃப்ளேவர் என்ன பண்ணுச்சுன்னே தெரியாது.

குடிக்கும்போது மரியாதை எல்லாம் பார்க்காத, ஸ்பூன்ல எடுத்து சர்ர்ருன்னு சத்தமா உறிஞ்சு, காத்தும் டீயும் சேர்ந்து உள்ள போனாத்தான் மணம் பின்பக்கமா மூக்குக்கு ஏறும், தொழில்முறையா டேஸ்ட் பண்றவங்க எல்லாரும் அப்படித்தான் உறிஞ்சித் துப்புவாங்க. நடுவுல தண்ணி கொப்பளிச்சு ரெண்டு பொரி வாயில போட்டுக்கோ. மீன்குழம்பு சாப்பிட்ட மத்தியானம் இந்த வேலை வேண்டாம், காலையில பல் தேய்ச்சு ஒரு மணி நேரம் ஆகட்டும்.

முக்கியமான விஷயம் இதுதான்: சூடா ஒரு தடவை, வெதுவெதுன்னு ஒரு தடவை, நல்லா ஆறினதுக்கு அப்புறம் ஒரு தடவை. சூட்டுல எல்லா டீயும் நல்லவனாத்தான் தெரியும். ஆறினா தான் உள்ள என்ன போட்டிருக்காங்கன்னு வெளிய வரும், மட்டமான வெனிலா சோப்பு மாதிரி ஆயிடும், மட்டமான மாம்பழம் இருமல் சிரப் மாதிரி ஆயிடும், கீழ இருக்குற டீ சுமார்னா வெறும் மரத்தூள் தண்ணிதான் மிஞ்சும். ஃப்ளேவர் டீன்னு விக்குறதுல பல டப்பாவுல வீக்கான டீயை மணத்தைப் போட்டு மறைச்சிருக்காங்கன்னுதான் நான் நினைக்கிறேன், ஆற வெச்சா அந்த மறைப்பு விலகிடும். ஆனா ஒண்ணு, நல்ல ஸ்ட்ராங் டீ ஆறும்போது கலங்கலாத் தெரியலாம், அதைக் குறைன்னு மார்க் குறைச்சுடாத, டீயில இருக்குற கஃபீனும் நிறம் தர்ற பொருளும் சேர்ந்து அப்படி நிக்கும், டேஸ்ட் பண்றவங்க அதை நல்ல குணமாவே எடுத்துப்பாங்க.

மார்க் போடறதுக்கு பத்துக்கு எத்தனைன்னு எல்லாம் மண்டையை உடைச்சுக்க வேண்டாம். இன்னொரு டம்ளர் கொடுத்தா குடிப்பியா மாட்டியா, அது போதும்.

லெமன் டீ பேக்குல பால் ஊத்தினேன், திரிஞ்சு போச்சு. டேட் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.
– மஞ்சக்குப்பம் வாசகி

பால்ல புளிப்பு பட்டா திரியத்தான் செய்யும், பேக்குல சிட்ரிக் ஆசிட் இருந்திருக்கும். செம்பருத்தி போட்ட பேக்குலயும் இதே கதைதான். ஒருவகையில சந்தோஷப்படுங்க, உங்க லெமன் டீயில நெஜமாவே புளிப்பு இருக்கு. பல லெமன் டீயில மணம் மட்டும்தான், அதுவும் எலுமிச்சம்புல்லோட மணம். கண்டுபிடிக்க ஈஸி வழி, சாதா பிளாக் டீ ஒரு டம்ளர் பக்கத்துல வெச்சுப் பாருங்க. புளிப்பு சேர்ந்தா டீயோட நிறம் வெளுத்து செம்பொன்னா மாறும், ரெண்டும் ஒரே கருப்பா இருந்தா புளிப்பு இல்லன்னு அர்த்தம். அப்புறம் எலுமிச்சை எண்ணெய் சீக்கிரம் கெடும், பழசானா டர்பன்டைன் வாடை வரும், அதனால லெமன் மட்டும் எக்ஸ்பயரியை விட தயாரிச்ச தேதியைப் பார்த்து புதுசா வாங்குங்க. இல்லன்னா சாதா பேக் போட்டு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்க, எந்த டப்பாவும் அதை ஜெயிக்காது.

ஒயிட் டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேலை பாக்குறேன். கெஸ்ட்டுங்க விட்டுட்டுப் போற எர்ல் கிரே டீயைக் குடிச்சுப் பார்த்தேன், சென்ட் பாட்டிலைக் கவுத்த மாதிரி இருந்துச்சு. இதை எப்படிக்கா குடிக்கிறாங்க?
– வாசகர், புதுச்சேரி

உங்க மூக்கு ரொம்ப கரெக்ட். அதுல போடுறது பெர்கமாட்டுங்கிற ஒரு எலுமிச்சை ஜாதிப் பழத்தோட தோல் எண்ணெய், பெரும்பாலும் இத்தாலியில கலாப்ரியா பக்கம் விளையுது, அதே எண்ணெய்தான் கொலோன் சென்ட்டுலயும் போடுறாங்க. சின்ன வயசுலேர்ந்து நமக்கு அந்த மணம் சலூன்லயும் பவுடர் டப்பாவுலயும்தான் பழக்கம், அதனால வாய்க்குள்ள வந்ததும் பகீர்னு இருக்கும். ரெண்டு நிமிஷத்துல பேக்கை எடுத்துட்டு கொஞ்சமா சக்கரை போட்டுப் பாருங்க, பிடிச்சாலும் பிடிக்கும். பிடிக்கலன்னா விடுங்க, கட்டாயம் ஒண்ணும் இல்ல.

மேல எண்ணெய்ப் படலம் மாதிரி ஒண்ணு மிதக்குது. டீ பேக்குல மெழுகு தடவுறாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, உண்மையா?
– கடலூர் ஓ.டி. வாசகர்

வாட்ஸ்அப்பை முதல்ல மூடுங்க. உங்க வீட்டுக்கு வர்றது போர் தண்ணியா? உப்பும் சுண்ணாம்பும் அதிகமா இருக்குற தண்ணியில டீ போட்டா அதுல இருக்குற கால்சியமும் டீயோட துவர்ப்புப் பொருளும் காத்துப் பட்டு சேர்ந்து மேல படலமா நிக்கும், ஓரத்துல கறையாவும் பிடிக்கும். அதே பேக்கை கேன் தண்ணியில போட்டுப் பாருங்க, படலம் இருக்காது, நிறமும் பளிச்சுன்னு இருக்கும். ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டாலும் போயிடும். லாஸ்பேட்டை தம்பி, உனக்கும் சேர்த்துத்தான், எல்லா டம்ளருக்கும் ஒரே தண்ணி.

பேக்கைப் பத்தி பயப்படணும்னா வேற விஷயம் இருக்கு. பளபளன்னு முக்கோணமா வர்ற சில பேக் நைலான்லயோ, தண்ணி பாட்டில் செய்யிற பெட் (PET) பிளாஸ்டிக்லயோ செஞ்சது, 2019ல கனடாவோட மெக்கில் பல்கலைக்கழகத்துல சோதிச்சப்போ 95 டிகிரி தண்ணியில அப்படி ஒரே ஒரு பேக்குலேர்ந்து சுமார் 1,160 கோடி நுண்பிளாஸ்டிக் துணுக்கு வந்ததா எழுதினாங்க. அதனால உடம்புக்கு என்ன ஆகும்ங்கிறது வேற கேள்வி, ஆனா எனக்கு காகித பேக்கே போதும். ஸ்டேப்ளர் பின் அடிச்ச பேக்கை நிறுத்தச் சொல்லி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017லயே உத்தரவு போட்டுடுச்சு, இன்னும் எங்கயாவது பின்னோட பார்த்தா வாங்காதீங்க.

ஹனி லெமன் கிரீன் டீ வேப்பங்கொழுந்து மாதிரி கசக்குது. உடம்பு குறையும்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிக்கிறேன்.
– அரியாங்குப்பம் வாசகி

தளபுளன்னு கொதிக்கிற தண்ணியை ஊத்துறீங்க. அடுப்பை அணைச்சு அஞ்சு நிமிஷம் விடுங்க, 80 டிகிரி பக்கம் வந்தா போதும், ரெண்டு நிமிஷத்துல பேக்கை எடுங்க, பிழியாதீங்க. உடம்பு குறையறதைப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க, கூட ரெண்டு போண்டா இல்லன்னா குறையலாம்.

டிப் டீயில இருக்குறது குப்பைத்தூள்தான்னு வீட்டுக்காரர் சொல்றார். விலையும் யானை விலை. பாக்கெட் டீத்தூளே மேல்னு வாதம் பண்றார்.
– நெல்லிக்குப்பம் வாசகி

தூள்ங்கிறது சரி, குப்பைங்கிறது தப்பு. பேக்குல போடுறது சல்லடையில கீழ விழுற சின்ன சைஸ் ஃபேனிங்ஸும் டஸ்ட்டும், சின்னதா இருந்தாத்தான் ரெண்டு மூணு நிமிஷத்துல சாறு இறங்கும். நம்ம ஊரு டீக்கடையில காலங்காலமா போடுறதும் டஸ்ட்தான், குன்னூர் ஏலத்துல லீஃப் தனியா டஸ்ட் தனியா விக்குது, நல்ல டஸ்ட்டும் இருக்கு மட்டமான டஸ்ட்டும் இருக்கு. வீட்டுக்காரர் அந்த டீக்கடையில ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறார்னு கேளுங்க.

விலையில அவர் ஜெயிச்சுட்டார். 25 பேக், பேக்குக்கு 2 கிராம்னா மொத்தம் 50 கிராம். டப்பா 160 ரூபாய்னா கிலோ 3,200 ஆகுது, அந்தக் காசுக்கு நீலகிரியிலேர்ந்து ரொம்ப உசந்த இலை டீயே வாங்கலாம். கிரீன் டீ பேக் பலதுல 2 கிராம் கூட இருக்காது, ஒன்றரைக்கும் கீழதான், எடையைப் பார்த்து வகுத்துக்கோங்க.

வாங்கின புதுசுல நல்லா இருந்த மல்லிகை டீ ரெண்டே வாரத்துல பெருங்காய வாசனை அடிக்குது!
– முத்தியால்பேட்டை வாசகி

டப்பாவை அஞ்சறைப்பெட்டி பக்கத்துல வெச்சிருக்கீங்க, சரியா? காய்ஞ்ச டீ இலை பக்கத்துல எது இருந்தாலும் அதோட வாசனையை உறிஞ்சிக்கும். ஒழுங்கான மல்லிகை டீயே அந்த குணத்தை வெச்சுத்தான் செய்றாங்க, ராத்திரி மலர்ற மொட்டை இலையோட கலந்து வெச்சு, காலையில பூவை எடுத்துட்டு, மறுபடி புதுப் பூ போட்டு, அப்படியே பல ராத்திரி. உங்க வீட்டுல மல்லிகைக்குப் பதிலா பெருங்காயம் ராத்திரி டியூட்டி பாத்திருக்கு. நம்ம கடலோரக் காத்துல ஈரமும் ஜாஸ்தி, அதனால இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பாவுல போட்டு தனியா வைங்க. ஒவ்வொரு பேக்குக்கும் தனி ஃபாயில் உறை இருந்தா ரெண்டு ரூபா கூடனாலும் அதையே வாங்குங்க. கடையிலயும் டீ ரேக்குக்குப் பக்கத்துல ஊதுபத்தியும் சோப்பும் அடுக்கியிருந்தா டப்பாவை ஒருதடவை மோந்து பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ஏம்மா, நான் எழுபது வயசுக்காரன். வீட்டுல ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு பால் டீ குடிக்கிறேன். மகன் மசாலா டிப் டீ வாங்கி வந்து வெச்சிருக்கான். பால்ல போட்டா சாரமே இறங்கல. இது எதுக்கும்மா?
– பண்ருட்டி வாசகர்

ஐயா, உங்க டீக்கு முன்னாடி அது நிக்காது. அந்த 2 கிராம் அரை டம்ளர் பாலைத் தாங்காது, அதுவும் நேரா பால்ல போட்டா சாறு சரியா இறங்காது. மகன் ஆசையா வாங்கினது வீணாகக் கூடாதுன்னா, 100 மில்லி கொதிக்கிற தண்ணியில பேக்கைப் போட்டு மூடி 4 நிமிஷம் விடுங்க, அப்புறம் காய்ச்சின பால் ஒரு அம்பது மில்லி மட்டும். அப்படியும் வீக்கா இருந்தா ரெண்டு பேக். பஸ்லயோ ஆஸ்பத்திரியிலயோ ஃபிளாஸ்க் வெந்நீரோட உக்கார வேண்டி வந்தா ரெண்டு பேக் பையில இருக்கட்டும், அங்க உரலைத் தூக்கிட்டுப் போக முடியாது பாருங்க. வீட்டுல இருக்கும்போது உங்க சுக்கையே தட்டுங்க.