நாற்காலி போட்டுப் பிடித்த இடமும், பழைய முகவரிக்குப் போகும் சம்மனும்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாம் மாடியில் ஏழு வருடம் வாடகைக்கு இருந்தோம். போன மாதம் போரூருக்கு வீடு மாறினோம். சாமான் ஏற்ற வரும் லாரிக்காக முதல் நாள் இரவே கேட்டுக்குப் பக்கத்தில், தெருவோரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கயிறு கட்டி வைத்தோம். காலையில் பார்த்தால் நாற்காலிகள் ஓரமாகக் கிடக்கின்றன, அந்த இடத்தில் எதிர்வீட்டுக்காரரின் கார் நிற்கிறது. கெஞ்சிக் கேட்டும் எடுக்கவில்லை. லாரி தெரு நடுவில் நின்றது. வெயிட்டிங் சார்ஜ் என்று 4,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ஆத்திரத்தில் என் தம்பி அந்தக் காரின் இரண்டு டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டான். ‘ஆமா, நான்தான் பிடுங்கினேன்’ என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜும் போட்டிருக்கிறான். அவர் போலீஸில் புகார் கொடுத்து, ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தம்பி சிங்கப்பூர் வேலைக்காக பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகிறான். ஏழு வருடமாக எங்களைப் படுத்தியவரிடமிருந்து 4,000 ரூபாயையும் மன உளைச்சலுக்கு நஷ்டஈட்டையும் வாங்க முடியுமா?

பதில்: முடியாது. தண்ணீர் மோட்டார், நாய், கோலத்தின் மேல் கார் ஏற்றியது என்று உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. அவ்வளவும் உண்மையாகவே இருக்கலாம். வழக்குக்கு அதில் ஒரு வரியும் உதவாது.

சட்டப்படி பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: அந்த இடம் உங்களுடையது இல்லை. தெரு மாநகராட்சியுடையது. உங்கள் வாசலை ஒட்டி இருப்பதாலோ, முதல் நாள் இரவே நாற்காலி போட்டதாலோ உங்களுக்கு உரிமை வந்துவிடாது. உங்கள் கேட்டை அடைத்து நிறுத்தியிருந்தால் கதை வேறு, போக்குவரத்து போலீஸைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டை அடைக்கவில்லை, காலியாக இருந்த தெருவில் நிறுத்தினார். வெயிட்டிங் சார்ஜ் உங்களுக்கும் பேக்கர்ஸ் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்த விவகாரம். கொட்டேஷனில் அப்படி ஒரு வரி இல்லாமல் வாங்கியிருந்தால் அந்தக் கம்பெனியிடம் கேளுங்கள், எதிர்வீட்டுக்காரரிடம் கேட்க எதுவும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், பொது வழியில் தடை ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 285வது பிரிவில் குற்றம், 5,000 ரூபாய் வரை அபராதம். நாற்காலியும் கயிறும் தெரு நடுவே நின்ற லாரியும் அதில்தான் வரும். நீங்கள் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் விட்டால், அதில் எழுதுவது எல்லாம் அவருக்குச் சாட்சியாகப் போகும்.

இனி தம்பி விஷயம். டயரில் காற்றைப் பிடுங்கியது விளையாட்டு இல்லை. ஒரு பொருளின் பயன்பாட்டைக் கெடுத்தாலே சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றமாகும். அதே சட்டத்தின் பிரிவு 324, ஆறு மாதம் வரை சிறை. சேதத்தின் மதிப்பு 20,000 ரூபாயைத் தொட்டால் தண்டனை இரண்டு வருடம் வரை ஏறும். காற்று அடிக்க எவ்வளவு ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். கதவில் பழைய கீறல் ஒன்று இருந்தால் அதையும் உங்கள் தம்பி கணக்கில் சேர்த்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெயின்ட் வேலைக்கு எஸ்டிமேட் வாங்கிவிடுவார்கள். லாரி குறுக்கே நின்றதால் அவரால் காரை எடுக்க முடியவில்லை என்றால் அது ஒரு பிரிவு, கெட்ட வார்த்தை பேசியதாக ஒரு பிரிவு, மிரட்டியதாக ஒரு பிரிவு. தெருச் சண்டை எஃப்.ஐ.ஆர்.களில் இவை வரிசையாக வருவதைத் தினமும் பார்க்கிறேன். வாய்ஸ் மெசேஜ் வேறு அவர் கையில் இருக்கிறது. அதை இப்போது அழிக்க வேண்டாம், அழித்தது இன்னும் மோசமாகத் தெரியும். புதிதாக எதையும் அனுப்பவும் வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள். புகாரில் இருப்பது மடிப்பாக்கம் முகவரி. இப்படி வீடு மாறியவர்கள் ‘ஸ்டேஷனிலிருந்து ஒரு தடவை போன் வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை, முடிந்துவிட்டது’ என்று இருந்துவிடுவார்கள். முடிந்திருக்காது. எஃப்.ஐ.ஆர். ஆகி, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன் பழைய வீட்டுக்குப் போகும். அங்கே புதுக் குடித்தனக்காரர் ‘அப்படி யாரும் இல்லை’ என்பார். சம்மன் திரும்பும், பிறகு வாரண்ட். அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கில், பிணையில் விட முடியாத வாரண்டைத் திரும்பப் பெற வக்கீலைத் தேடி ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியவருவதே பாஸ்போர்ட் விசாரணையின்போதுதான். குற்ற வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்க 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6வது பிரிவு இடம் தருகிறது. கோர்ட் அனுமதி வாங்கிப் போகலாம்தான். அதற்குள் சிங்கப்பூர் கம்பெனி காத்திருக்குமா?

எதிர் புகார் கொடுக்கலாமே என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொல்வார்கள். ‘அவரும் எங்களை அடித்தார்’ என்று நடக்காததை எழுதிக் கொடுத்தால், பொய்ப் புகாருக்குத் தனியாக ஒரு வருடம் வரை தண்டனை இருக்கிறது, பிரிவு 217. உண்மையை மட்டும் எழுதினால் அவர் காரை நிறுத்தினார் என்பதைத் தவிர எழுத உங்களிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே சமாதானமாகப் போங்கள். புகார் சி.எஸ்.ஆர். அளவில் (ஸ்டேஷன் பதிவேட்டில் எழுதி ரசீது கொடுத்த நிலை, இன்னும் வழக்காகவில்லை) இருக்கும்போதே போக வேண்டும், எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். டயருக்கும், நியாயமாக ஒரு கீறலுக்கும் பணம் கொடுத்துவிடுங்கள். 4,000 ரூபாயை மறந்துவிடுங்கள். பணத்தை மட்டும் தனியாகக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். இருவரும் ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, புகாரை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு கொடுங்கள், ஒரு பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் நீங்கள் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் ‘குற்றம் செய்தேன், மன்னிக்கவும்’ என்று எழுதக் கூடாது. ‘நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறோம்’ என்பதோடு நிறுத்துங்கள். சமாதானம் முறிந்தால் முதல் வாக்கியம் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி நிற்கும். போரூர் முகவரியையும் போன் நம்பரையும் ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கையெழுத்துப் போட தம்பி வந்தாக வேண்டும், கூட்டிக்கொண்டு போங்கள். அவரைப் பேசவிடாதீர்கள்.