வெறும் இரைச்சலா, புதுமையா? மெட்டல் பேஸ் டோன் பற்றிக் கேள்வி பதில்

மோட்டார்ஹெட் என்ற ஹெவி மெட்டல் ராக் குழுவில் பேஸ் (கீழ்ச்சுரங்களுக்கான கிதார்) வாசித்த லெமியின் பேஸ் ஒலி உண்மையிலேயே புதுமையா, இல்லை ஆம்பை (ஒலியைப் பெருக்கும் கருவியை) அளவுக்கு மீறித் திருகியதால் வந்த சத்தமா என்று போன வாரம் கிளம்பிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நான் இருபது வருடமாக பேஸ் வாசிக்கிறவன் என்பதால் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, என் அறிவுக்கு எட்டியவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மோட்டார்ஹெட்டுக்கு முன்பே பேஸில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரக்கச் சிதைப்பது) இருந்தது. அப்புறம் எப்படி லெமியைப் புதுமை செய்தவர் என்கிறீர்கள்? ரசிகர்களின் மிகைதானே?

இருந்தது, மறுக்கவில்லை. 1965இலேயே பீட்டில்ஸின் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாட்டில் பால் மெக்கார்ட்னி ஃபஸ் (அடர்ந்த டிஸ்டார்ஷன்) போட்ட பேஸ் வாசித்திருக்கிறார். கிரீம் குழுவில் ஜாக் புரூஸின் ஆம்ப் கரகரத்துக்கொண்டே இருக்கும். இன்னும் பின்னால் போனால் வேடிக்கை. மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' 1961இல் வெளியான ஒரு கன்ட்ரி பாட்டு. அதில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸில் ஒரு சோலோ வாசிக்கிறார். ஒலிப்பதிவு மேசையில் ஒரு சேனல் கெட்டுப்போயிருந்ததால் அது ஈயடைத்த மாதிரி பதிவாகிவிட்டது. அந்த ஒலியை வேண்டுமென்றே வரவழைக்க அந்தப் பதிவின் பொறியாளர் ஒரு கருவி செய்தார். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது அதுதான். அதாவது காலால் அழுத்தி இயக்கும் ஃபஸ் பெடலுக்கே மூலம் ஒரு பேஸும் ஒரு பழுதும்.

ஆகவே 'யார் முதலில்' என்று தோண்டினால் ஒரு ரிப்பேர் வேலையில் போய் முடியும். நான் கேட்கிற கேள்வி வேறு: அந்த டோன், அதாவது ஒலித்தன்மை, வந்த பிறகு குழுவில் மற்றவர்கள் வாசிக்கும் விதம் மாறியதா? மாறியிருந்தால் புதுமை என்பேன். இல்லையென்றால் அது அந்தக் கலைஞரின் கையெழுத்து. கையெழுத்தும் பெரிய விஷயம்தான், ஆனால் வேறு விஷயம்.

லெமி ரிதம் கிதாரிலிருந்து பேஸுக்கு வந்தவர். வந்தபின் பழைய பழக்கத்தை விடவில்லை. ரிக்கன்பேக்கர் பேஸ், மார்ஷல் ஆம்ப், கீழ் ஒலிக்கான பேஸ் குமிழ் பூஜ்யம், நடு ஒலிக்கான மிட் குமிழ் முழுக்க. பிக் என்ற சிறு தகட்டால் அடித்து, ஒற்றைச் சுரத்துக்குப் பதில் கார்டுகளாக (பல சுரங்களை ஒன்றாக) வாசிப்பார். வழக்கமாக பேஸ் கிதாருக்குக் கீழே உட்காரும். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்றே பேர் உள்ள குழுவில், கிதார் வாசித்த எடி கிளார்க் ரிதமை விட்டுவிட்டு சோலோவுக்குப் போகும்போது பின்னால் ஓட்டை விழவில்லை. 1979இல் வந்த 'ஸ்டே கிளீன்' கேளுங்கள், சோலோவையே பேஸ் எடுத்துக்கொள்கிறது. கிதார், பேஸ், டிரம்ஸ் மூன்றுக்கும் இருந்த வேலைப் பங்கீடு அங்கே மாறிவிட்டது. ஆம்பை யார் வேண்டுமானாலும் திருகலாம். இதை அவர் செய்தார்.

கேள்வி: அந்த அளவுகோலில் அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் தேறுவாரா?

டோனில் தேறமாட்டார். திட்டுவதற்கு முன் முழுக்கப் படியுங்கள். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், தட்டையாகச் சுற்றிய தந்தி, வெறும் விரல். அந்தத் தந்தி சாதாரணமாக மந்தமாகத்தான் ஒலிக்கும். அவர் அடிக்கிற அடியில் தந்தி ஃப்ரெட்டில் (பேஸின் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பியில்) மோதி 'கிளாங்' என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அயர்ன் மெய்டன் பாட்டுகளை மற்றக் குழுக்களிலிருந்து பிரித்தது அந்த கிளாங் இல்லை. குதிரைப் பாய்ச்சல் தாளத்தையும் பேஸிலிருந்து பாட்டு எழுதும் முறையையும்தான் சொல்லவேண்டும். அவர் புதுமை செய்தது எழுத்தில்.

கேள்வி: மெட்டல் பேஸ் என்று பேசிவிட்டு பிளாக் சபாத் குழுவின் கீஸர் பட்லரை விட்டுவிட்டீர்களே, நியாயமா?

நியாயமில்லை. அவரும் ரிதம் கிதாரிலிருந்து வந்தவர்தான், கவனித்தீர்களா? அந்தக் குழுவில் கிதார் வாசித்த டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அதனால் மெல்லிய தந்திகளைப் போட்டார், பிறகு 1971 வாக்கில் தந்திகளின் சுருதியையும் இறக்கினார். குழுவில் இரண்டாவது கிதார் இல்லை. அந்த ஒற்றை கிதாருக்குக் கனம் கொடுக்க பட்லர் கிதாரின் ரிஃபையே (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டையே) கூடச் சேர்ந்து வாசித்தார், கிதார் தந்தியை இழுத்தால் இவரும் இழுத்தார். 1970இல் வந்த முதல் ஆல்பத்தில், 'என்.ஐ.பி.' தொடங்குமுன் ஒலியைப் பேசுகிற மாதிரி வளைக்கும் வா-வா பெடலோடு அவர் தனியாக வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு. மெட்டலில் பேஸ் தனக்கென்று ஒரு குரல் கேட்டு வாங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் ஃபஸ் பெடலை அழுத்தினால் தனியாகக் கேட்கும்போது பயங்கரமாக இருக்கிறது. குழுவோடு வாசித்தால் ஆளையே காணோம். என்ன தப்பு செய்கிறேன்?

தப்பு உங்களுடையது இல்லை. என் முதல் ஃபஸ் பெடலோடு ஒரு மேடை முழுக்க வாசித்துவிட்டு இறங்கினேன். "இன்றைக்கு நீ வரவில்லையா?" என்று கேட்டார் நண்பர்.

நான்கு தந்தி பேஸின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். கிதாரின் அடித் தந்தி 82. டிஸ்டார்ஷன் செய்வது என்ன? அலையின் உச்சியை வெட்டுகிறது. வெட்டினால் 82, 124, 165 என்று மேலே மேலே புதிய அதிர்வுகள் கிளம்பும். இதில் ஒரு லாபம் உண்டு. சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தர முடியாது, ஆனால் மேலே இருக்கிற வரிசையைக் கேட்டே நம் காது அடிச்சுரத்தைத் தானாக ஊகித்துக்கொள்ளும். நஷ்டம், அந்தப் புதிய அதிர்வுகள் எல்லாம் கிதார் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் போய் விழுகின்றன. கூடவே, பல ஃபஸ் பெடல்கள் கிதாருக்காகச் செய்தவை. அடி அதிர்வுகளை வாசலிலேயே கழித்துவிடும். கீழேயும் இல்லை, மேலேயும் இடமில்லை. அதுதான் நீங்கள் காணாமல் போகிற கதை.

தீர்வு பழையது: சமிக்ஞையை இரண்டாகப் பிரிப்பது. அடியைச் சுத்தமாக விட்டு, மேல் பாதியை மட்டும் கரகரக்க வைப்பது. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவையர் எல்லாம் இரண்டு ஆம்ப் வைத்து இதைத்தான் செய்தார்கள். பில்லி ஷீஹன் தன் பிரிசிஷன் பேஸில் கழுத்தோரம் இன்னொரு பிக்கப்பை (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தத்தை) பொருத்தி, இரண்டுக்கும் தனித்தனி வெளியீடு வைத்தார். பார்வைக்கு எளிய யோசனை. ஆனால் இன்று நாம் கேட்கிற மெட்டல் பேஸ் ஒலியில் பெரும்பாலானது இதன் மேல்தான் நிற்கிறது. என்னைக் கேட்டால் லெமிக்குச் சமமாக இதையும் வைப்பேன், இதற்குத்தான் யாரும் சுவரொட்டி அடிப்பதில்லை.

கேள்வி: மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன்?

'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' தொடக்கத்தில் அலறுகிற அந்த மெட்டு கிதார் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். பேஸ்தான், டிஸ்டார்ஷனும் வா-வாவும் போட்டது. 1983இல் முதல் ஆல்பத்திலேயே முழு பேஸ் சோலோ ஒன்றைப் பதிவு செய்தார். ஃபஸ், வா-வா இரண்டும் ஏற்கெனவே இருந்த கருவிகள், பட்லரும் தொட்டவை. அதனால் டோன் புதிது என்று சொல்ல மாட்டேன். த்ராஷ் என்ற அதிவேக மெட்டல் பாணியில் ஓடுகிற குழுவில் பேஸ் நின்று ஒரு ராகம் பாடலாம் என்று காட்டியது புதிது. 1986இல் விபத்தில் போய்விட்டார். 24 வயது.

கேள்வி: அவருக்குப் பின் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் கேட்கவே கேட்காது. ஆனாலும் அது கொண்டாடப்படுகிறது. அப்படியென்றால் பேஸ் டோனே தேவையில்லை என்று ஆகிறதே?

நல்ல குறுக்கு விசாரணை. 1988இல் வந்த அந்த ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட் பெரும்பாலும் கிதார் ரிஃபையே அடியொற்றி வாசித்தார். கிதார்களின் நடுப்பகுதியைக் குடைந்து அடியை ஊதவிட்ட மிக்ஸில், பேஸ் இருக்கவேண்டிய இடத்தில் கிதார் உட்கார்ந்துவிட்டது. போதாததற்கு பேஸின் அளவையும் குறைத்துவிட்டார்கள். ஆல்பம் பிழைத்தது பாட்டுகளால். அதே பாட்டுகளை மேடையில் வாசிக்கும்போது கேளுங்கள், வயிற்றில் இடிக்கும்.

கேள்வி: கோர்ன் குழுவின் ஃபீல்டி வாசிப்பது தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி இருக்கிறது. அதையும் புதுமை என்று சொல்லிவிடாதீர்கள் சார்.

சொல்லத்தான் போகிறேன், மன்னிக்கவும். எனக்கும் அந்த ஒலி பிடிக்காது.

1994இல் முதல் ஆல்பம் வந்தபோது அந்தக் குழுவில் இரண்டு கிதாரும் ஏழு தந்தி, அடித் தந்தி ஏ சுரம் வரை இறக்கியது. அது 55 ஹெர்ட்ஸ். கிதாரே பேஸின் வீட்டுக்குள் வந்து படுத்துவிட்டது என்று வையுங்கள். ஃபீல்டி என்ன செய்தார்? ஐந்து தந்தி பேஸை அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார், 27.5 ஹெர்ட்ஸ். நடுப்பகுதியை மொத்தமாகக் கிதார்களுக்கு விட்டுக்கொடுத்தார். மிச்சம் இருந்தது பாதாளத்தில் ஓர் உறுமல், உச்சியில் தந்தி ஃப்ரெட்டில் அடிக்கிற 'டக்'. அதாவது பேஸைப் பாதி டிரம்ஸாக மாற்றிவிட்டார். லெமி நடுப்பகுதியைப் பிடித்து வென்றார், இவர் அதைக் கைவிட்டு வென்றார். அதற்குப் பிறகு வந்த எத்தனை நூ-மெட்டல் குழுக்களில் அந்த 'டக்' கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிடிப்பதும் பிடிக்காததும் வேறு கணக்கு.

கேள்வி: டெத் மெட்டலில் ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் கம்பிகள் இல்லாத) பேஸ்?

1993. டெத் குழுவின் 'இன்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்' ஆல்பத்தில் ஸ்டீவ் டி ஜார்ஜியோ, சினிக்கின் 'ஃபோகஸ்' ஆல்பத்தில் ஷான் மலோன். அந்த வழுக்கல் ஒலியை 1976இலேயே ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஜாஸில் ஊரறியச் செய்துவிட்டார். இடம் மாற்றி நட்டதற்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். நட்ட இடத்தில் முளைத்ததைப் பார்த்தால் முக்கால்.

கேள்வி: இப்போது எல்லா மெட்டல் குழுவிலும் ஒரே டார்க்கிளாஸ் ஒலி. ஒரு பெடல் வாங்கினால் கிடைத்துவிடுகிற டோனுக்குப் புதுமை என்று பெயரா?

வாங்குகிறவருக்கு இல்லை. செய்தவருக்கு உண்டு. 1994இல் வந்த சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் என்ற பெடல் ஆம்பே இல்லாமல் நேராக மிக்ஸருக்குப் போகும் வழியைப் பலருக்குத் திறந்துவிட்டது. பின்லாந்தின் டார்க்கிளாஸ் பெடல்கள் மேலே சொன்ன பிரித்துக் கலக்கும் வித்தையை ஒரு குமிழுக்குள் அடக்கின. டோனுக்கான பாராட்டு எப்போதும் கலைஞருக்கே போகிறது, கருவி செய்தவர் நிழலில் நிற்கிறார். என்ட்விசில் கேட்ட பளபளப்பான ஒலிக்காக 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனம் அவரோடு சேர்ந்து வட்டச்சுற்றுத் தந்தியை உருவாக்கியது. அந்தத் தந்தி இல்லாமல் லெமியின் உறுமலை யோசித்துப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

எல்லோரிடமும் பரவிவிட்டதால் அது புதுமை இல்லை என்றும் ஆகிவிடாது. பரவியதுதான் அது வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. சலிப்பு வருகிறது, அதுவும் நிஜம். எனக்கும் வருகிறது.

கேள்வி: எனக்கென்று ஒரு டோன் வேண்டும். எங்கே தொடங்குவது?

பெடல் வாங்காதீர்கள். பிக், விரல், அடிக்கிற இடம் பாலத்துக்கு (தந்தியைத் தாங்கும் அடிக்கட்டைக்கு) எவ்வளவு அருகில் என்பது, இந்த மூன்றை மட்டும் மாற்றி ஒரே ரிஃபை ஒரு மாதம் பதிவு செய்து கேளுங்கள். எப்போதும் குழுவோடு சேர்த்தே கேளுங்கள், தனியாகக் கேட்டால் ஏமாறுவீர்கள். அப்புறம் உங்கள் கிதார்க்காரரிடம் அவர் ஆம்பில் பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். சண்டை வரும். வந்தால் அதற்கும் ஒரு கேள்வி எழுதிப் போடுங்கள்.