கிணற்றுக்குள் ரகசியம் நிற்காது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமம்தான் களம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் சென்னையிலிருந்து ஊர் திரும்புகிறார். பாழுங்கிணற்றைத் தூர்வாரும்போது நாற்பது வருஷப் பழைய எலும்புக்கூடு கிடைக்கிறது. அவர் விசாரிக்கத் தொடங்குகிறார். ரத்தம், துரத்தல் எதுவும் கிடையாது. அகதா கிறிஸ்டி எழுதிய மிஸ் மார்ப்பிள் துப்பறியும் கதைகள் மாதிரி சாவகாசமாகப் படிக்கிற கதை. படித்த நண்பர்கள் "நம்ம ஊர் மாதிரி இல்லையே" என்கிறார்கள். தாமிரபரணி, வாழைத்தோட்டம், அல்வா எல்லாம் வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

ச., வீரவநல்லூர்

அன்புள்ள ச.,

முதலில் அல்வாவை எடுத்துவிடுங்கள். அது வெளியூர்க்காரர்களுக்கு வாங்கிப்போகிற சாமான்.

அப்புறம் கிணறு. நம்ம பக்கத்தில் ஒரு கிணற்றில் ஆள் செத்துப்போனால் அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்? உச்சிப்பொழுதில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவார்களா? கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் மேல் சாமி வந்து, கிணற்றடியில் ஒரு பீடம் எழும்பி, வருஷாவருஷம் கொடை என்கிற கோயில் திருவிழாவும் நடக்கும். எலும்புக்கூடு நாற்பது வருஷம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது என்றால் உங்கள் நண்பர்கள் நம்பாதது சரிதான்.

கொலையுண்டவரைத் தெய்வமாக்கி, அந்தக் கொலையை வில்லடித்து விடிய விடியப் பாடுகிற சீமை இது. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணர், செருப்புத் தைக்கிற குலத்து அக்கா தங்கை இருவரைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துவிட்டுத் தானும் செருப்புத் தைத்தவர். மாடு கவர வந்த திருடர்களோடு சண்டையிட்டுச் செத்தார். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்று அவர் பட்டவராயன். அவருக்கு நேர்ந்துகொண்டு செருப்புக் கட்டுகிறார்கள். கட்டிய செருப்பை அடுத்த வருஷம் பார்த்தால் நடந்து தேய்ந்த மாதிரி இருக்கும் என்பது நம்பிக்கை. துப்பறிகிறவன் தேடுகிற தடயமே அதுதானே, தேய்ந்த செருப்பு! செத்தது யார், எதற்காக, எல்லாம் பாட்டிலேயே இருக்கிறது. துப்பறிய என்ன மிச்சம்?

மிச்சம் இருப்பது, பாட்டில் வராத ஆட்கள். சாட்சி சொல்லப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்ட வீடு எது, அந்த வயல் அப்புறம் யார் பேருக்கு மாறியது, கொடைக்கு ஒருத்தர் மட்டும் ஏன் கேட்காமலே வரி இரட்டிப்பாகக் கொடுக்கிறார். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். கேட்டால் "நமக்கு எதுக்கு அந்தச் சோலி" என்பார்கள். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லவைக்கிறதுதான் இங்கே துப்பறியும் வேலை. உங்கள் மேலாளர் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றால் காப்பி கிடைக்கும், பதில் கிடைக்காது.

மிஸ் மார்ப்பிள் 1927இல் ஒரு சிறுகதையில்தான் முதலில் வந்தாள், 1930இல் நாவல். அவள் கையில் எப்போதும் பின்னல் ஊசி இருக்கும். பின்னுகிற கிழவியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்த ஊசியை நாம் கடன்வாங்க வேண்டியதில்லை, நம்ம ஊரில் பீடித்தட்டு இருக்கிறது. எங்கள் தெரு ஆச்சி ஒருத்தி மடியில் தட்டோடு திண்ணையில் இருப்பாள். நனைத்த இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி வாயை மடக்குவாள். தலை நிமிராது. செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள்: "இவன் பஸ்ஸுக்குப் போகலல, கடன் கேக்கப் போறான்." மார்ப்பிள் குற்றவாளியைப் பிடிப்பதும் இப்படித்தான், அவனைத் தன் ஊர் ஆள் ஒருவனோடு ஒப்பிட்டு. ஆச்சியின் கணக்கிலும் ஒவ்வொருத்தரும் செத்துப்போன யாரோ ஒருத்தர் மாதிரியேதான்.

இன்னொன்று. ரத்தம் வேண்டாம் என்கிறீர்கள், பிறகு எலும்புக்கூடு எதற்கு? கல்லிடைக்குறிச்சி உங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982இல் களவுபோய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருந்து, 2019இல் திரும்பி வந்தார். இடையில் 37 வருஷம். அந்த வழக்கை அப்படியே எழுதச் சொல்லவில்லை. ஒரு கற்பனை ஊரில், சாமி இல்லாத கோயிலைச் சுற்றி அத்தனை வருஷம் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

மேலாளரைத் தூக்கிப்போட வேண்டாம். ஆச்சிக்குத் தம்பி மகனாக்கிவிடுங்கள். வில்லங்கச் சான்றை வாசித்துக்காட்ட அவளுக்கு ஒரு ஆள் வேண்டும்.